இரண்டு ஜூலை 15: பெங்களூரில் பெரிய கம்பெனிகளின் பேச்சு எப்படி ஏறுகிறது?

எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தர்மபுரித் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, பெரிய கம்பெனிங்க நினைச்சா சட்டத்தையே மாத்திடுறாங்க. எல்லாம் பெட்டி குடுத்துத்தான் நடக்குதா? அப்படின்னா நாம ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது?” பீன்யா தொழிற்பேட்டையில் தொழிற்சங்க வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இந்தக் கேள்வியை ஒரு வரியில் தள்ளிவிட மனம் வரவில்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, பெட்டி கைமாறுவதும் உண்டு. பல்லாரிச் சுரங்கக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2011 ஜூலையில், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தாவாக இருந்த சந்தோஷ் ஹெக்டே கொடுத்த அறிக்கை, சட்டவிரோத இரும்புத்தாதுத் தொழிலால் அரசுக்கு 16,085 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்குப் போட்டது. முதலமைச்சர் எடியூரப்பா பதவியை விட்டு இறங்கினார். அவருடைய குடும்பத்தார் நடத்திய அறக்கட்டளைக்கு ஒரு சுரங்க நிறுவனம் 10 கோடி ரூபாய் நன்கொடை கொடுத்ததும் அதில் வந்தது. ஆனால் அந்த வழக்கில் 2016இல் சிபிஐ நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. நன்கொடை என்று ரசீது போட்டுக் கொடுத்த பணத்துக்கும் கிடைத்த சலுகைக்கும் தொடர்பு உண்டென்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. அதனால்தான் பெட்டியை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் முக்கால்வாசி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும் என்கிறேன். நான் பார்ப்பது வேறொரு கணக்கு. யார் பேச்சு எத்தனை நாளில் விதான சௌதாவுக்குள், அதாவது கர்நாடகச் சட்டமன்றக் கட்டடத்துக்குள், ஏறுகிறது?

இரண்டு ஜூலை 15களை எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 15, திங்கள்கிழமை. கர்நாடகத் தனியார் நிறுவனங்களில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை ஒதுக்கும் மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம். மறுநாள் முதலமைச்சர் சித்தராமையா சமூக வலைதளத்தில் பெருமையாக அறிவித்தார். புதன்கிழமைக்குள் ஐ.டி. கம்பெனிகளின் கூட்டமைப்பான நாஸ்காம் அறிக்கை விட்டது, மோகன்தாஸ் பை, கிரண் மஜூம்தார் ஷா போன்ற தொழில்துறைத் தலைகள் எதிர்த்து எழுதினார்கள். ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், எங்கள் விசாகப்பட்டினத்துக்கு வந்துவிடுங்கள் என்று கம்பெனிகளைக் கூப்பிட்டார். அன்றைக்கே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மொத்தம் இரண்டு நாள்.

2025 ஜூலை 15. தேவனஹள்ளி தாலுகா சன்னராயப்பட்டணா ஹோப்ளியில் (நம் ஊர் பிர்கா மாதிரி) விமான, பாதுகாப்புத் தொழில் பூங்காவுக்காக எடுக்கவிருந்த 1,777 ஏக்கர் நிலத்தைக் கைவிடுவதாக அதே சித்தராமையா அறிவித்தார். பதின்மூன்று கிராமத்து விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தது 2022 ஏப்ரலில். முடிவு வந்த அன்று 1,198ஆவது நாள். இடையில் ஓர் ஆட்சியே மாறிவிட்டது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது அதே பந்தலுக்கு வந்து ஆதரவு சொன்னவர்தான் சித்தராமையா. முதல்வரான பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. 2025 ஜூன் 25 அன்று போராட்டக்காரர்களைப் போலீஸ் வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தியது. நடிகர் பிரகாஷ்ராஜும் எழுத்தாளர்களும் கூட நின்று, ஊர் முழுக்கப் பேச்சான பிறகுதான் அரசு இறங்கி வந்தது.

ஒரு தரப்புக்கு 2 நாள், இன்னொரு தரப்புக்கு 1,198 நாள். இரண்டு இடத்திலும் யாரும் சட்டத்தை மீறவில்லை. கம்பெனித் தலைவர்கள் கருத்துச் சொன்னார்கள், அது அவர்கள் உரிமை. விவசாயிகளும் கருத்துத்தான் சொன்னார்கள். செல்வாக்கு என்பதை இந்த நாள் கணக்கில்தான் நான் அளக்கிறேன்.

இதில் நம் ஜனங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அந்த வேலை ஒதுக்கீட்டு மசோதா நின்றதில் பெங்களூர்த் தமிழர்கள் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். கர்நாடகத்தில் பிறந்து, 15 வருடம் வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர்தான் உள்ளூர்க்காரர் என்றது மசோதா. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் ஒருவழியாக அதில் தேறிவிடுவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து பொம்மசந்திராவில் காண்டிராக்டில் வேலை செய்யும் பையன் தேறமாட்டான். அவனுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை, வேலை கேட்டு மசோதாவை ஆதரித்த கன்னடப் பையனையும் கேட்கவில்லை. கம்பெனிகள் பேசின, முடிவு வந்தது. அந்த முறை அது நமக்குச் சாதகமாக அமைந்தது, அவ்வளவுதான். அதே குரல் நமக்கு எதிராகத் திரும்பும்போதும் இதே வேகத்தில்தான் வேலை செய்யும்.

திரும்பியும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்ற வரம்பு 12 வரை போகலாம், மூன்று மாதத்துக்கு 75 மணி நேரமாக இருந்த ஓ.டி. 145 வரை போகலாம் என்றானது. இதற்குப் பின்னால் ஆப்பிளும் அதற்கு ஐபோன் செய்துதரும் ஃபாக்ஸ்கானும் அரசிடம் எடுத்துச் சொன்னது இருக்கிறது என்று லண்டன் நாளிதழான ஃபைனான்ஷியல் டைம்ஸ் எழுதியது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்ப பதினைந்து மணி நேரம் ஆகிவிடும். கம்பெனி வேனுக்காகக் காலை ஐந்து மணிக்கு ரோட்டில் நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை கூடுதலாக ஒரு லீவு கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். அந்த லீவு நாளில் தூங்குவதைத் தவிர வேறு எதற்கும் உடம்பில் தெம்பு இருக்காது.

அடுத்தது உங்கள் துறை. 2024 ஜூலையில், ஐ.டி. ஊழியர்களை ஓ.டி.யோடு சேர்த்து ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்த யோசனை வெளியே தெரிந்தது. கேஐடியூ என்ற ஐ.டி. ஊழியர் சங்கம்தான் அதை ஊருக்குச் சொன்னது. அப்போது தொழிலாளர் துறை அமைச்சர் சந்தோஷ் லாட் நிருபர்களிடம் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். தொழில்துறைப் பெருந்தலைகள் கொடுக்கும் நெருக்கடியால் வந்த யோசனை இது, நானாகக் கொண்டுவந்ததில்லை என்பது அதன் சாரம். ஓர் அமைச்சர் வாயாலேயே வந்த வாக்குமூலம் அது. பெட்டி ஏதும் தேவைப்படவில்லை பாருங்கள். வரைவு தயாராகும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே போதுமாக இருந்தது.

இதைவிட அமைதியாக நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன், உங்களில் பலருக்கு இது தெரியாது. 1946ஆம் வருடத்து நிலையாணைச் சட்டம் என்று ஒன்று 2025 நவம்பர் வரை இருந்தது. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, வேலைநீக்கம் எல்லாவற்றுக்கும் கம்பெனி எழுத்தில் விதி வைத்து, அதிகாரியிடம் சான்று பெற வேண்டும் என்பது அதன் சாரம். பீன்யாவில் லேத் மெஷின் ஓட்டுபவருக்கு அது ஒரு கவசமாக இருந்தது. ஐ.டி. போன்ற துறைக் கம்பெனிகளுக்கு மட்டும் கர்நாடக அரசு அதிலிருந்து விலக்குக் கொடுத்து, ஐந்து ஐந்து வருடமாக நீட்டித்துக்கொண்டே வந்தது. 2014, 2019, 2024 என்று வரிசையாக. விலக்குக்கு நிபந்தனைகள் இருந்தன. நிர்வாகமும் ஊழியர்களும் சம எண்ணிக்கையில் உட்காரும் குறைதீர் குழு வேண்டும், பாலியல் தொல்லைப் புகாருக்குத் தனிக் குழு வேண்டும், நீக்கம் போன்ற நடவடிக்கை எடுத்தால் தொழிலாளர் துறைக்குத் தகவல் தர வேண்டும். உங்கள் ஆபீஸில் அந்தக் குறைதீர் குழுவில் ஊழியர் தரப்பில் இருப்பவர் யார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். ஒரே நாளில் மடிக்கணினியை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் பன்னேர்கட்டா சாலையில் தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனுக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கையில் ஆஃபர் லெட்டரைத் தவிர ஒரு காகிதம் இருக்காது. இப்படி ஒரு விலக்கு இருந்ததே அவர்களுக்கு அங்கே வந்த பிறகுதான் தெரியும்.

கம்பெனிகளின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் எதுவென்று கேட்டால், நான் பணத்தைச் சொல்லமாட்டேன். “வேறு ஊருக்குப் போய்விடுவோம்” என்ற ஒரே வார்த்தைதான். 2025 செப்டம்பரில் பெள்ளந்தூரில் இருந்த ஒரு கம்பெனியின் தலைவர், ரோடு தாங்கவில்லை, கிளம்புகிறோம் என்று எழுதினார். லோகேஷ் மறுபடி அழைப்பு விட்டார். துணை முதல்வர் டி.கே. சிவகுமார் மிரட்டலுக்குப் பணியமாட்டோம் என்றார், ஆனாலும் சாலைக் குழிகளை மூட அரசு கெடு வைத்தது. குழி மூடுவது நல்ல காரியம்தான். அந்தக் குழிகளில் பைக்கோடு விழுந்து எழுந்த டெலிவரிப் பையன்கள் எத்தனை வருடமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். தேவனஹள்ளி நிலம் கைவிடப்பட்ட அன்றும் இதே லோகேஷ், பெங்களூருக்குப் பக்கத்திலேயே எங்களிடம் 8,000 ஏக்கருக்கு மேல் தயாராக இருக்கிறது என்று விமானத் தொழிலைக் கூப்பிட்டார்.

ஆந்திராவைச் சொல்லிவிட்டு நம் ஊரை விட்டுவிட முடியாது. அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். கர்நாடகம் எதையாவது இறுக்கினால் ஓசூர் இருக்கிறதே என்று இங்கே சொல்வார்கள், தமிழ்நாடு இறுக்கினால் அங்கே இன்னொரு மாநிலத்தின் பெயரைச் சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது எதற்கு? கூலி ஒரு பக்கம், தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது முக்கியமான இன்னொரு பக்கம். 1926ஆம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை அது. சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது, பதிவு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. ஒரு முதலீடு நம் மாநிலத்துக்கு வந்தது என்று கைதட்டும்போது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்றும் கேட்டுவிட வேண்டும் என்பது என் வாதம்.

இனி, மேசையில் உட்காரும் விஷயம். 1999இல் எஸ்.எம். கிருஷ்ணா முதலமைச்சரானதும் பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ் என்று ஒரு குழு அமைத்தார், தலைவர் இன்ஃபோசிஸ் நந்தன் நிலகேணி. அந்தக் குழு நல்லதும் செய்தது. சொத்து வரியை வீட்டுக்காரரே கணக்கிட்டுக் கட்டும் முறையிலும், மாநகராட்சியின் கணக்குவழக்கைச் சீர்செய்ததிலும் அதற்குப் பங்குண்டு. அவர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டு வாங்காதவர்கள் ஊருக்குத் திட்டம் போடும் பழக்கத்துக்கு அது கதவைத் திறந்துவிட்டது. 2008இல் எடியூரப்பா ஆட்சியில் அபிடே என்ற பெயரில் இன்னொரு குழு வந்தது. மறுபக்கம், ஓட்டு வாங்கி உட்காரும் மாநகராட்சி மன்றம் என்ன ஆனது? கடைசித் தேர்தல் 2015இல். மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேலாக நிர்வாக அதிகாரிதான் இருந்தார். விவேக் நகரில் மூன்று நாளாகத் தண்ணீர் வராத வீட்டுப் பெண்மணிக்குப் போய்க் கதவைத் தட்ட அத்தனை வருடமும் ஒரு கார்ப்பரேட்டர் இல்லை. கம்பெனித் தலைவர் ஒரு பதிவு போட்டால் அமைச்சரே பதில் எழுதுகிறார். இதைவிடத் தெளிவாக இந்த ஊரின் நிலையைக் காட்ட எனக்குத் தெரியாது.

சில இடங்களில் கம்பெனியும் அரசும் ஒரே ஆளாகவே இருப்பார்கள். கர்நாடகத்திலிருந்து 2002இலும் 2010இலும் மாநிலங்களவைக்குப் போன விஜய் மல்லையா, கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தை நடத்திக்கொண்டே விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆலோசனைக் குழுவிலும் இருந்தார். 2023 ஜூலையில், வேட்பாளர்களின் சொத்து விவரங்களைத் தொகுக்கும் ஏடிஆர் அமைப்பு வெளியிட்ட கணக்குப்படி, நாட்டிலேயே அதிகச் சொத்துள்ள முதல் மூன்று எம்எல்ஏக்களும் கர்நாடகக்காரர்கள், மூவருக்கும் ஆயிரம் கோடிக்கு மேல். பணக்காரர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, வேண்டியதும் இல்லை. நிலம், கட்டடம், குவாரி பற்றிய விதியை எழுதும் சபையில் அந்தத் தொழில்களில் இருப்பவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்தால் விதி எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோரமங்கலா பக்கத்து ஈஜிபுராவைச் சொல்லாமல் என்னால் இதை முடிக்க முடியாது. நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி நிலத்தில் கட்டிய குடியிருப்பு அங்கே இருந்தது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள், அதில் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. கட்டடங்கள் மோசமாகக் கட்டப்பட்டு இடிந்து விழுந்தன. புதுப்பிக்க மாநகராட்சி ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது: நிலத்தில் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு, மீதியில் வணிக வளாகம். 2013 ஜனவரியில் சுமார் 1,500 குடும்பங்களைப் போலீஸ் காவலோடு வெளியேற்றி, இருந்ததை இடித்துத் தள்ளினார்கள். அந்தக் குளிரில் பச்சைக் குழந்தைகளோடு மதிலோரம் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தவர்களில் பலர் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். அந்த நிறுவனத்தின் உரிமையாளர் 2018இல் சட்டமன்ற உறுப்பினரானார். ஏழைக்கென்று ஒதுக்கிய பொது நிலம், எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும்போதே எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு இதைவிட வலிக்கும் பாடம் இந்த ஊரில் வேறு இல்லை.

கட்சி நிதியைப் பற்றிச் சுருக்கமாக. 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது ஓட்டுப் போடுபவருக்குத் தெரியாது. கம்பெனிகள் தங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பையும் 2017இலேயே எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். பட்டியல் வெளியானபோது அதிகம் வாங்கியது பாஜக, அதிகம் கொடுத்தது கோயம்புத்தூர் லாட்டரி அதிபரின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. திமுக பத்திரங்கள் வழியாக வாங்கிய 656.5 கோடியில் 509 கோடி அதே நிறுவனத்திலிருந்து வந்தது. நம் கட்சி, அவர்கள் கட்சி என்று பிரித்துப் பார்க்க இதில் ஒன்றுமில்லை. பத்திரம் போனதும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் பணம் போகிறது. அங்கே குறைந்தபட்சம் கொடுப்பவர் பெயரும் வாங்குபவர் பெயரும் தேர்தல் ஆணையத்தின் பக்கத்தில் கிடைக்கும்.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஓட்டுப் போட்டு என்ன ஆகும்? ஓட்டு மட்டும் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அதன் குரல் கேட்கும். ஆனால் ஓட்டுக்குப் பயப்படுகிறவர்களை நடுவில் உலுக்க முடியும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று இதே 12 மணி நேர மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் கொதித்தெழ, மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கர்நாடகத்தில் அதே சட்டம் திரும்பப் பெறப்படாமல் நிலைத்தது. நம் பக்கத்துக் கம்பெனிகள் மட்டும் நல்லவையா என்ன? அங்கே சங்கம் இருந்தது, அந்தச் சங்கத்துக்குச் சட்டமன்றத்தில் ஆள் இருந்தார்கள். பெங்களூரிலேயே 2016இல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் என்று அரசு கிளம்பியபோது, ஜனங்கள் கைகோத்துச் சாலையோரம் நின்றார்கள், வழக்கும் போட்டார்கள். 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. உங்கள் 14 மணி நேர யோசனையை ஐ.டி. பிள்ளைகளின் சங்கம் கிளப்பிய எதிர்ப்புதான் தடுத்து நிறுத்தியது.

இப்போது உடனடியாகச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நான் சொன்ன நிலையாணைச் சட்டம் உட்படப் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நிலையாணை விதிகள் முன்பு மத்தியச் சட்டப்படி 100 பேருள்ள இடத்துக்கே பொருந்தின, இனி 300 பேர் இருந்தால்தான். ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்க வேண்டிய வரம்பும் தொழிற்சாலைகளில் அதே 300 ஆகிவிட்டது. இந்தச் சட்டங்களுக்கான விதிகளை மாநில அரசுகள் வரைவாக அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபணை கேட்டாக வேண்டும். அந்த வரைவு வந்த முதல் வாரத்திலேயே தொழில் கூட்டமைப்புகள் வக்கீல் வைத்து, பிரிவு பிரிவாகக் குறித்துப் பக்கம் பக்கமாக அனுப்பிவிடுவார்கள். ஊழியர் தரப்பில் பெரிய சங்கங்கள் சிலவற்றைத் தவிர யாரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள் தம்பி. ஒரு பக்கம் போதும், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. எந்த விதி, அது வந்தால் உங்கள் ஷிஃப்டில் என்ன மாறும், அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று மூன்று பத்தி. தொழிலாளர் துறைச் செயலருக்குக் கெடு தேதிக்குள் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விதி இறுதியானதும், வந்த ஆட்சேபணைகள் எத்தனை, எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். வரைவு எழுதத் தெரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம். கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேரையும் அழைத்து வாருங்கள்.